அரை எம்.எம். ஃபோர்மேனின் உயரம்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் ஃபோர்மேன், முதுகுக்குப் பின்னால் அரை எம்.எம். இந்த இரண்டாவது பெயர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் அதில் கொள்ளைப் பெருமை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, எந்தப் பாகத்தையும் அவர் கை தொட்டு வாங்காது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் இருக்கும். கடைசல் வேலை முடித்துக்கொண்டு வருகிறவர்கள் அவர் அளந்து முடிக்கும்வரை பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்போல் நிற்பார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். சுவரில் கடிகாரம் மாட்ட ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் புது கேட் போட்டபோது, எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக, இவர் மட்டும் குனிந்து, இடது பக்க இடைவெளியும் வலது பக்க இடைவெளியும் ஒன்றாக இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்த மனிதர் அதற்கப்புறம் நான்கு வருடம் இவரோடு பேசவில்லை. நான்கு வருடமும் அந்த கேட் அப்படியே கோணலாக இருந்ததுதான் ஃபோர்மேனுக்கு வருத்தம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஓர் அளவை மட்டும் கூட்டிச் சொல்லிவந்தார். அது அவருடைய உயரம்.

யார் கேட்டாலும் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்பார். கல்யாணப் பேச்சின்போது அப்படித்தான் சொன்னார்கள். ஓட்டுநர் உரிமத்தில் அப்படித்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பட்டறையில் சேர்ந்தபோது நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் அதே எண். உண்மையில் அவர் நூற்று ஐம்பத்தொன்பதரைதான். வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர். அவரே ஒரு பாகத்தைத் தூக்கி எறியப் போதுமான பிழையைப் போல நூற்று எழுபது மடங்கு.

இந்த விஷயம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மா தையல்காரர். வருடத்துக்கு இரண்டு முறை கணவருக்குக் கால்சட்டை தைக்க வேண்டியிருக்கும். நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் மனிதனுக்கான கால் நீளத்தை அவர் வாயால் சொல்ல, அந்த அம்மா தலையாட்டிவிட்டு, தன் நோட்டில் இருக்கிற நீளத்துக்கே வெட்டிவிடுவார். போட்டுப் பார்த்து, "பார்த்தியா, கச்சிதமா இருக்கு, நான் சொன்ன அளவு," என்பார் இவர். அந்த அம்மா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் பதில் சொல்ல முடியாது.

பட்டறை செய்தது பாட்டில் நிரப்புகிற, மூடி போடுகிற, பெட்டியில் அடுக்குகிற மெஷின்கள். வருடத்துக்கு ஏழெட்டு போகும். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. முன்பெல்லாம் டிசைன் ரூமில் ஒரு டிராயிங் இருக்கும். பட்டறையில் அதன் பழைய நகல் இருக்கும். ஸ்டோரில் இருக்கிற பாகங்களின் பட்டியல் இரண்டையும் கேள்விப்பட்டதாகவே தெரியாது. ஒரு முறை மெஷின் உடம்பு புது டிராயிங்கின்படியும், அதன் மூடி பழைய டிராயிங்கின்படியும் செய்யப்பட்டு, இரண்டும் கடைசி நாளன்று முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டன. மூடி ஒரு முழம் பெரிது. அந்த மூடி இன்றும் கேட்டில் வாட்ச்மேனின் தலைக்கு மேல் வெயில் மறைப்பாக நிற்கிறது. மழை வந்தால் ஒரு சொட்டு ஒழுகாது. அவ்வளவு சுத்தமான வேலை.

தினமும் அதன் கீழே நுழைந்து வரும்போதெல்லாம் ஃபோர்மேனுக்கு வயிறு எரியும். அதனால்தான், ஒருங்கிணைந்த கணினி டிசைன் என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், வாங்கியே ஆகவேண்டும் என்று முதலாளியை நச்சரித்தது இளவட்டங்கள் இல்லை, இவர்தான். கணினிக்குள் மெஷின் முழுதாக, ஒரே ஒரு மாடலாக இருக்கும். டிராயிங்கும், பாகங்களின் பட்டியலும், தகடு வெட்டுகிற மெஷினுக்குப் போகிற கட்டளையும் அந்த ஒன்றிலிருந்தே பிறக்கும். ஓரிடத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும். இரண்டு அளவு என்ற பேச்சே கிடையாது. ஒரு மனிதனின் மனசாட்சிகூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டார் ஃபோர்மேன்.

முதலாளி எதையும் ஒரே வரியில் கேட்பவர், ஒரே வரியில் சொல்பவர். "வாங்குறேன், ஒரு ஆளையும் போடுறேன், முதல் ஆர்டர் சொதப்பினா ரெண்டையும் அனுப்பிடுவேன்," என்றார்.

அப்படி வந்த ஆள்தான் டிசைனரம்மா. முப்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசாத பெண். பட்டறை இரைச்சலில் எல்லோரும் கத்திப் பேசுகிற இடத்தில் அவர் மட்டும் சாதாரணக் குரலில் பேசுவார். கேட்க விரும்புகிறவர்கள் பக்கத்தில் வரட்டும் என்பதுபோல. ஃபோர்மேன் வந்தார். மதிய இடைவேளையில் ஐந்தே நிமிடம் உட்கார்ந்து எண்ணை எப்படி மாற்றுவது, மாடலை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். எண்ணின்மேல் இரண்டு தட்டு. புது எண்ணை அடி. ஒரு பெட்டி வந்து ஏதாவது கேட்டால் 'ஆம்' என்று சொல். இவ்வளவுதான் அவருக்கு நினைவில் நின்றது. அந்தப் பெட்டி என்ன கேட்கிறது என்பதை அவர் படித்ததில்லை.

முதல் ஆர்டர் ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது. இருமல் மருந்து பாட்டில்களைப் பெட்டியில் அடுக்குகிற மெஷின். அங்கே பழைய மெஷினில் நின்று வேலை செய்து பெண்களுக்கெல்லாம் தோள்வலி. ஆகவே, எங்கள் ஆட்களின் உயரத்துக்கு ஏற்ற மாதிரி செய்து கொடுங்கள் என்று பன்னிரண்டு பெண்களின் உயரங்களையும் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

டிசைனரம்மா இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். மாடலில் முதலில் ஒரு மனித பொம்மையை நிறுத்திவிட்டு, மெஷினை அந்த பொம்மையைச் சுற்றிக் கட்டினார். பொம்மையின் முழங்கை எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு சாண் கீழே மேஜை. கண் எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணாடிக் கதவும் பட்டன் பெட்டியும். பொம்மையின் உயரம் என்ற ஒரே எண்ணில் மெஷினின் கால்களும் தூண்களும் தகடுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த எண்ணுக்கு நிஜமான ஒரு மனிதர் இருந்தால் கை நீளம் எல்லாம் அளந்துகொள்ளலாம். பன்னிரண்டு பேரின் உயரத்தில் நடுவானதைக் கணக்குப் பார்த்தால், பட்டறையில் அந்த உயரத்தில் இருந்தது ஒரே ஆள்.

ஃபோர்மேனுக்கு ஏன் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பது சொல்லப்படவில்லை. அனுபவத்துக்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு சுவரோடு விறைப்பாக நின்றார். டிசைனரம்மா டேப்பைப் பிடித்தபோது, "நூத்தி அறுபத்தெட்டு, எழுதிக்கோங்க, அளக்கவே வேண்டாம்," என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் டேப்பைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "டேப் பழசுங்க," என்றார் ஃபோர்மேன். அந்த டேப்பைப் போன வாரம் வாங்கி வந்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவரே. டிசைனரம்மா டேப்பில் இருந்ததை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து, மாடல் தயார், நாளை இரண்டு மணிக்கு மீட்டிங் ரூமில் பெரிய திரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டப்படும் என்று முதலாளி அறிவித்தார். மறுநாள் ஒரு மணிக்கு ஃபோர்மேன் வழக்கம்போல டிசைன் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். டிசைனரம்மா சாப்பிடப் போயிருந்தார். திரை அணையாமல் இருந்தது. மெஷின் முன்னால் பொம்மை நின்றது. அதன் தலைக்குப் பக்கத்தில், மாடலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே திரும்பி முகம் காட்டுகிற ஒரு சின்னச் சீட்டு: ஃபோர்மேன், 1595.

முப்பது பேர் பார்க்கப் போகிறார்கள். அந்த முப்பது பேரில் லேத் வேலை செய்கிற கொடிக்கம்பமும் ஒருவன். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதைத் தவிர வாழ்க்கையில் வேறு சாதனை இல்லாததால், மற்றவர்களின் உயரம் அவனுக்கு ஓயாத பொழுதுபோக்கு. ஃபோர்மேன் உயரத்தைப் பற்றி அவன் இதுவரை வாய் திறக்காததற்கு ஒரே காரணம், எண் எதுவும் கையில் சிக்காததுதான்.

பொம்மைதானே என்று நினைத்தார் ஃபோர்மேன். இரும்பா, தகடா? பொம்மையை யாரும் வெட்டி ஒட்டப் போவதில்லை. எண்ணின்மேல் இரண்டு தட்டு தட்டினார். 1680 என்று அடித்தார். பெட்டி ஒன்று வந்து நீளமாக ஏதோ கேட்டது. ஆம் என்றார். திரையில் என்னவோ லேசாக நடுங்கியதுபோல இருந்தது. பொம்மை நிமிர்ந்து நின்றது. அவரும் நிமிர்ந்து வெளியே வந்தார்.

இரண்டு மணிக்கு டிசைனரம்மாவை மருந்துக் கம்பெனிக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். பாட்டில் மூடியின் நிறம் மாறப் போகிறதாம். அவர் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க, மவுஸ் என்றால் உயிரை விடுகிற முதலாளி தானே மாடலைப் பந்துபோல உருட்டி உருட்டிக் காட்டினார். கொடிக்கம்பம் சீட்டைப் படித்துவிட்டான். "ஆயிரத்து அறுநூத்தி எண்பது. பரவால்லையே, படத்துல நம்ம ஃபோர்மேன் நல்லா வந்திருக்கார்," என்றான். "அளந்து போட்டது," என்றார் ஃபோர்மேன். அந்தச் சந்தோஷத்தில் முதலாளி, 'ரிலீஸ்' என்ற பச்சை பட்டனையும் தானே அழுத்திவிட்டார். அதை அழுத்தினால் டிராயிங் எல்லாம் பட்டறைக்குப் போய்விடும், மாடல் பூட்டிக்கொள்ளும். மறுநாள் எண்ணைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று போன ஃபோர்மேன், தட்டிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. போகட்டும், பொம்மைதானே.

டிசைனரம்மா பூட்டிய மாடலை விட்டுவிட்டு அடுத்த மெஷின் வேலையில் இறங்கிவிட்டார். அடுத்த ஐந்து வாரமும் பட்டறை அதுவரை காணாத வாரங்கள். ஒரு துளை தப்பவில்லை. ஒரு போல்ட் முரண்டு பிடிக்கவில்லை. கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்தபோது, சாவி பூட்டில் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் டிராயிங்கோடு ஒத்துப் பார்த்த ஃபோர்மேன், எல்லாம் அரை எம்.எம்முக்குள் இருப்பதைக் கண்டு சொக்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார். டிராயிங்கும் தவறு, பாகமும் அதே அளவு தவறு, பட்டியலும் அவ்வளவே தவறு என்றால், கண்டுபிடிக்க வெர்னியருக்கு என்ன வழி இருக்கிறது? வயரிங் வேலைக்காக மெஷினை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அது உயரமாகத் தெரிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒத்திகை நாளன்று கட்டைகளை உருவினார்கள். மருந்துக் கம்பெனியிலிருந்து பேக்கிங் அக்கா வந்திருந்தார். பன்னிரண்டு பெண்களுக்கும் தலைவி, நடு உயரம், வாய் மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மெஷின் முன்னால் போய் நின்று, பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார். இரண்டு முழங்கைகளும் பக்கவாட்டில் விரிந்து மேலேறின. கண்ணாடிக் கதவின் கீழ்ச் சட்டம் சரியாக அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. குதிகாலை உயர்த்திப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது, நாள் பூரா கோழி இறக்கையை விரிச்ச மாதிரி நிக்கணுமா? எங்க உயரத்தைக் கேட்டு வாங்கினீங்களே, அதை என்ன பண்ணீங்க, அவிச்சுச் சாப்பிட்டீங்களா?"

முதலாளியின் முகம் சுருங்கியது. எல்லோருமாக டிசைன் ரூமுக்குப் போனார்கள். டிசைனரம்மா மாடலைத் திறந்தார். பொம்மை தெரிந்தது. சீட்டு தெரிந்தது. அதில் 1680. முழங்கையும் கண்ணும், அவற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையும் கதவும் மேலே போயிருப்பதை அவர் நாலே வார்த்தையில் விளக்கியபோது, கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஃபோர்மேனுக்கு, அந்தப் பெட்டி என்ன கேட்டிருக்கும் என்பது முதன்முறையாக விளங்கியது. பொம்மையை அவர் வளர்க்கவில்லை. மெஷினையே வளர்த்துவிட்டிருக்கிறார். அத்தனை பாகத்தையும் அளந்து, சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

யார் எப்போது எதை மாற்றினாலும் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். முதலாளி குறிப்பைத் திறக்கச் சொன்னார். ரிலீஸ் ஆன அதே நாள், மதியம் ஒன்று பன்னிரண்டு, டிசைனரம்மாவின் கணக்கிலிருந்து, 1595 என்பது 1680 ஆகியிருந்தது.

"நான் மாத்தல," என்றார் டிசைனரம்மா. "அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தேன்."

"நீங்க சாப்பிடப் போனீங்க. உங்க கம்ப்யூட்டர் சாப்பிடாம இருந்து வேலை பார்த்துச்சா?"

முதலாளி அதோடு விடவில்லை. ஆபீஸிலிருந்து ஃபோர்மேனின் பழைய படிவத்தை வரவழைத்தார். உயரம் என்ற இடத்தில், இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய நீல மையில், 168. அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது: இந்தப் பெண் முதலில் டேப்பைத் தப்பாகப் பிடித்து 1595 என்று போட்டிருக்கிறார், பிறகு தவறு தெரிந்து யாருக்கும் சொல்லாமல் பூசி மெழுகி 1680 என்று திருத்தியிருக்கிறார். ஃபோர்மேன் பக்கத்திலேயே நிற்கிறாரே, பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். முதலாளி எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தே பழகியவர். நிற்கிறவர்கள் எல்லோருமே அவருக்கு உயரம்தான்.

டிசைனரம்மா திரும்பி ஃபோர்மேனை ஒரு முறை பார்த்தார். ஒரே ஒரு முறை. ஃபோர்மேனின் சட்டைப் பையில் வெர்னியர் இருந்தது. அந்த அறையில் டேப்பும் இருந்தது. 'இப்பவே அளந்து பாருங்க' என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. பார்வையைத் திருப்பி, மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

நாளைக் காலை பத்து மணிக்கு மருந்துக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், அதோடு முடிவு என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்தார். பழையபடி தனித்தனி டிராயிங்குக்கே போய்விடலாம். டிசைனரம்மா வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ஒரே வரிதான்.

சாயங்காலம் வாட்ச்மேனின் வெயில் மறைப்புக்குக் கீழே வெளியே வரும்போது ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். இடித்துக்கொள்கிற உயரம் இல்லை. இருந்தாலும் குனிந்துகொண்டார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேன் கால்சட்டைத் துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இது சாதாரண வியாதி இல்லை என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, வாயிலிருந்த ஊசியை எடுத்துக் குத்தினார். தன் தோளில் கிடந்த துணியில்தான். விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்யாணப் பேச்சுவரை பின்னோக்கிப் போனது. உங்க வீட்ல எல்லாரையும் ஏமாத்திட்டோம், உன்னையும் சேர்த்துத்தான் என்று முடித்தார்.

அந்த அம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய அளவு நோட்டை எடுத்துவந்தார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், அவர் வேலை பார்த்த தையல் கடைக்குப் பட்டறை ஆட்களின் யூனிஃபார்ம் வந்திருக்கிறது. தோள், மார்பு, கால் நீளம். பெயருக்கு நேரே சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தது.

"நான் உங்களை அளந்து பார்த்துட்டுத்தானே சரின்னு சொன்னேன். நீங்க அப்புறம் நூத்தி அறுபத்தெட்டுன்னு சொன்னப்ப, பாவம் ஆசைப்படுறார்னு விட்டுட்டேன்."

ஃபோர்மேன் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் சுமந்து திரிந்த எண்பத்தைந்து எம்.எம்முக்கு வாங்க ஆளே இருந்ததில்லை.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஒண்ணும் சொல்லல."

"அதுதான் உங்களுக்குக் குத்துது."

மறுநாள் பத்து மணிக்கு முதலாளியும் பேக்கிங் அக்காவும் மெஷின் பக்கத்தில் நின்றார்கள். டிசைனரம்மா தன் பையைத் தோளில் மாட்டியே வைத்திருந்தார். கொடிக்கம்பமும் மற்றவர்களும் வேலை செய்வதுபோல் வட்டமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் வந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி, மடித்து ஷூவுக்குள் வைத்தார். பிறகு சுவரோடு போய் நின்றார்.

"டேப் எடுத்துட்டு வாங்க. எல்லாரும் பார்க்கிற மாதிரி அளங்க. அந்த ஒண்ணு பன்னெண்டுக்கு மாத்தினது நான்தான்."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே லேத்தையும் யாரோ நிறுத்தினார்கள். ஏன் மாத்தினீங்க என்று முதலாளி கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், சுவரோடு நின்றவரைப் பார்த்தார். அவர் நின்றுகொண்டு ஃபோர்மேனைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அளப்பது என்று வந்துவிட்டால் ஃபோர்மேனுக்கு முறை தவறக் கூடாது. தலைமேல் மூலைமட்டம் வைக்க வேண்டும், அது சுவரோடு நேராக இருக்க வேண்டும், டேப் தொய்யக் கூடாது என்று கண்ணை நேரே வைத்தபடியே உத்தரவு போட்டார். மூலைமட்டத்தைப் பிடிக்கக் கொடிக்கம்பத்தைத்தான் கூப்பிட்டார்; அவர் உச்சந்தலை நேராகத் தெரிகிற ஆள் அவன்தான். கொடிக்கம்பம் வந்து பிடித்து, அதன் கீழே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். முப்பது பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஏனோ அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

"ஆயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு," என்றார் டிசைனரம்மா.

கணினியை மெஷின் பக்கத்துக்கே கொண்டுவரச் சொல்லி, முதலாளி தன் பெயரில் மாடலின் பூட்டைத் திறந்து கொடுத்தார். எண் மாறியது. இந்த முறை திரையை எல்லோரும் பார்த்தார்கள், ஃபோர்மேனும் பெட்டியில் இருந்ததை முழுதாகப் படித்தார். பொம்மை சுருங்கியது. அதோடு கூடவே மேஜை இறங்கியது, கதவு இறங்கியது, நாலு கால்களும் ஐம்பத்து மூன்று எம்.எம். குறைந்தன. "இதைத்தானே நாங்க கேட்டோம்," என்றார் பேக்கிங் அக்கா.

எவ்வளவு வீணாகும், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார் முதலாளி. முன்பெல்லாம் என்றால் இதைக் கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆகும். டிசைனரம்மா ஒரு பட்டனைத் தட்ட, மாறிய பாகங்கள் மட்டும் தனியாக வந்து நின்றன: கால் நாலு, தூண் நாலு, பக்கத் தகடு இரண்டு, கதவின் சட்டம் ஒன்று. பதினொன்றும் நீளம்தான் கூடுதல். ஒன்றுகூடக் குட்டை இல்லை. வெட்டி, சில துளைகளைப் புதிதாகப் போட்டால் ஆயிற்று, மூன்று நாள்.

கொடிக்கம்பத்துக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது. "நல்லவேளை ஃபோர்மேன் கூட்டிச் சொன்னார். அடக்கமான மனுஷனா இருந்து குறைச்சுச் சொல்லியிருந்தா, இன்னைக்கு நாலு பேர் சேர்ந்து இரும்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கணும்."

முதலில் சிரித்தது பேக்கிங் அக்கா. மூன்று நாள் பொறுத்துக்கொள்கிறோம் என்று அவரே சொல்லிவிட்டார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, டிசைனரம்மா பையைக் கீழே வைக்கலாம், இனிமேல் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போகவும் என்றார். நாங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டார். அது இரண்டாவது வரி.

டிசைனரம்மா பையைக் கீழே வைத்தார். பச்சை பட்டனுக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். அப்போது சுவரோரமிருந்து, இன்னும் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்த ஃபோர்மேனின் குரல் வந்தது.

"ஒரு நிமிஷம். தொண்ணூத்தஞ்சரை. மூலைமட்டம் நின்ன கோட்டை நான் பார்த்தேன். அரை விட்டுப்போச்சு."

டிசைனரம்மா எழுந்துபோய், சுவரில் போட்ட பென்சில் கோட்டுக்கு டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றைந்தரைதான். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"போடலாம் ஃபோர்மேன். ஆனா போட்டா காலெல்லாம் மறுபடி பாயின்ட் மூணு வளரும். தூண் பாயின்ட் அஞ்சு. பட்டியல் பதினொண்ணும் மாறும். பரவால்லையா?"

ஃபோர்மேன் பொம்மையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பேக்கிங் அக்காவைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அரை எம்.எம்.

"வேண்டாம்," என்றார். "விடுங்க. தொண்ணூத்தஞ்சே இருக்கட்டும்."

டிசைனரம்மா ரிலீஸை அழுத்தினார். சீட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, 'ஆபரேட்டர்' என்று போட்டுவிடவா என்று மெதுவாகக் கேட்டார். ஃபோர்மேன் குனிந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டே, இருக்கட்டும், அளந்து போட்டதுதானே என்றார்.

அன்று மதியம், வெட்டின மெஷின் கால் ஒன்றைக் கொடிக்கம்பம் எடுத்துக்கொண்டு வந்தான். ஃபோர்மேன் வெர்னியரும் ஸ்கேலும் வைத்துப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பி நீட்டினார்.

"அரை எம்.எம். கூட இருக்கு."

"காலைலதான் ஒரு அரையை விட்டுக்கொடுத்தீங்க, அதுக்குள்ளயா?"

"அது என் தலை," என்றார் ஃபோர்மேன். "இது மெஷினோட கால். போய் வெட்டிட்டு வா."